தவக்காலத்து நண்டுதின்னி

ஆறு கடலில் சேரும் இடத்து ஈரமணலுக்கென்று ஒரு வாசனை உண்டு. சாக்கடையும் உப்பும் கருவாடும் கலந்தது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சாந்தோமில் பிறந்து, சாந்தோமிலேயே வாழ்க்கைப்பட்ட எனக்கு அது வீட்டு வாசனை.

அந்த வாசனைக்கு நடுவில்தான் அன்று காலை உட்கார்ந்திருந்தேன். சில வருடங்களுக்கு முன், ஒரு தவக்காலத்துச் சனிக்கிழமை. சீனிவாசபுரத்துக் கடைசி வீடுகளைத் தாண்டி, அடையாற்றின் வடகரையில் மணல்திட்டு தண்ணீருக்குள் நீளும் இடம். கையில் பைனாகுலர். மடியில் செல்போன். பைனாகுலர் பறவைகளுக்காக. செல்போன் சேவியருக்காக.

சேவியர் என் கணவர். ஓமானில் ஒரு சின்னத் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், சூட்கேஸ் முழுவதும் காலியாவதற்குள் திரும்பிவிடுவார். அந்த ஈஸ்டருக்கு ஒரேயடியாக வந்துவிடுவதாகப் பேச்சு. கம்பெனியின் பதில் அன்று கிடைத்துவிடும், கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் ஆற்றங்கரைக்கு வந்தேன்.

சேற்றில் உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் திரியும் இந்தச் சின்னப் பறவைகள், சைபீரியாவுக்குத் திரும்பும் நாள் நெருங்கியதும் செங்கல் நிறத்துக்கு மாறும். கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள் பட்டெடுத்துக் கட்டுவதுபோல. சில பாதி மாறியிருந்தன. சில முழுக்க மாறி, கிளம்பத் தயாராக இருந்தன.

அவற்றுக்குப் பின்னால், தனியாக, ஒரு வெள்ளைப் பறவை நின்றது.

முதலில் கடற்காகம் என்று நினைத்தேன். கால்கள் நீளமாக இருந்தன. முதுகில் கறுப்புப் பட்டை. தலைக்குச் சற்றும் பொருந்தாத கனத்த கறுப்பு அலகு, ஆணி பிடுங்கும் கொறடு மாதிரி. அது மெதுவாக நாலடி நடந்தது. நின்றது. சட்டென்று ஓடி ஒரு நண்டைப் பிடித்து உதறியது. நண்டின் கால்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. மிச்சத்தை விழுங்கிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது.

படத்தில் பார்த்திருக்கிறேன். நண்டுதின்னி. ராமேசுவரம் பக்கமெல்லாம் வரும் என்று படித்திருக்கிறேன். சென்னையில், அதுவும் இந்தச் சாக்கடை கலக்கும் முகத்துவாரத்தில் யாராவது பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்போதுதான் மடியில் போன் அடித்தது.

இரண்டும் ஒன்றாக

“ரெஜி.”

“சொல்லுங்க. பதில் வந்துடுச்சா?”

“வந்துச்சு.” பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். “இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. புதுசா நாலு கிரேன் வருதாம். நீ இல்லாம முடியாதுன்றான் மேனேஜர். நா இன்னா பண்ணட்டும் சொல்லு. வான்னு சொன்னா வந்துடறேன்.”

பைனாகுலரை நான் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. வட்டத்துக்குள் அந்தப் பறவை இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் அத்தனை வருடமாகக் காத்திருந்தேன். ஆனால் எங்கள் மகள் ஜெனி அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். பாதியில் விட்டுவிட்டு வந்தால் அவருக்குச் சேரவேண்டிய எதுவும் சேராது. அதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்துதான், முடிவை என் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறார்.

“இங்க ஒரு பறவ வந்திருக்கு” என்றேன்.

“இன்னாது?”

“பறவ. வெள்ளையா, முதுகுல கறுப்பா. நண்டு தின்னுது. இந்தப் பக்கம் வராதுங்க அது. நா மட்டும்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அவர் கோபித்துக்கொண்டிருக்கலாம். நான் என்ன கேட்கிறேன், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “எவ்ளோ பெருசு?” என்றார்.

சொன்னேன். காலின் நிறம் கேட்டார். சொன்னேன். அலகு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கொறடு என்றதும், எந்தக் கொறடு, வளைந்த மூக்கா நேர் மூக்கா என்று மெக்கானிக் கேள்வி கேட்டார். என் குரல் உடைந்து உடைந்து வந்தது. அவர் அதைக் கேட்காததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில், “ஜெனி படிப்பு முடியட்டும். இருந்துட்டே வாங்க” என்றேன்.

“சரி” என்றார். போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த இயந்திரச் சத்தத்தையே இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

புலிப் போர்வைகள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு காலத்தில் நாலைந்து வீடுகள் ‘கல்ஃப் வீடு’கள். அப்பா அங்கே, பிள்ளைகள் இங்கே. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்த வீட்டுப் பெண்களை அத்தரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எல்லார் வீட்டு அலமாரியிலும் புலிப்படம் போட்ட ஒரு கனத்த போர்வை இருக்கும். சென்னை வெயிலில் அதை யார் போர்த்திக்கொள்வது? ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒன்று வரும். என்னிடம் சிங்கமும் இருந்தது.

சேவியர் முதன்முதலில் போனபோது ஜெனி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். நான் கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒளி, ஒலி, விசை எல்லாம் பிள்ளைகளுக்கு விளங்க வைப்பேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் கேஸ் சிலிண்டரை நானே உருட்டிக்கொண்டுபோய் மாட்டுவேன்.

தினமும் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வரும். சாப்பிட்டாயா, ஜெனி படிக்கிறாளா, தண்ணீர் வருகிறதா. மூன்று கேள்வி, மூன்று பதில். பிறகு இரண்டு பேருக்கும் சொல்ல எதுவும் இருக்காது. அன்பு இல்லாமல் இல்லை. அவர் நாள் எனக்குத் தெரியாது, என் நாள் அவருக்குத் தெரியாது. எந்த இழையைப் பிடித்துப் பேசுவது?

பறவைகள் வந்தது வைதேகியால். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வங்கியில் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே டாக்டர், ஒரே சர்க்கரை, ஒரே உத்தரவு: தினமும் நடக்க வேண்டும். கடற்கரையில் நடக்கும்போது பழக்கமானோம். எனக்கு வெறும் குருவியாகத் தெரிந்ததெல்லாம் அவளுக்கு வேறு வேறு பெயராகத் தெரிந்தது. ஒருநாள் தன் பைனாகுலரை என் கழுத்தில் மாட்டினாள். அவ்வளவுதான், நான் நடப்பதை நிறுத்திவிட்டு உட்கார ஆரம்பித்தேன். சர்க்கரை குறையவில்லை.

சீனிவாசபுரத்தில் மீன் விற்கும் அமலா என்னைப் பார்த்து, “இன்னா டீச்சர், தெனம் இங்க குந்திக்கினு அந்தக் கண்ணாடிய வச்சி கப்பலத் தேடிக்கினு கீற? உன் வூட்டுக்காரரு ஏரோப்ளேன்லதான வருவாரு?” என்று கேட்பாள். கரையில் உள்ள அத்தனை பெண்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பட்டுப் புடவையில் வைதேகி

அன்று சேவியர் போனை வைத்ததும் வைதேகியைக் கூப்பிட்டேன். அவள் தி. நகரில், தன் அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“நண்டுதின்னியா? ரெஜினா, நீ நன்னா பாத்தியா? வேற ஏதாவதா இருக்கப் போறது.”

“நல்லாத்தான் பாத்தேன். வர்றியா, வரலையா?”

“இதோ வரேன். ஆத்துக்குப் போய் ஸ்கோப்ப எடுத்துண்டு வந்துடறேன். அது பறந்து போயிடாம பாத்துக்கோ.”

“எப்படிப் பாத்துக்கறது? காலுல கயிறு கட்டியா?”

பனகல் பார்க்கிலிருந்து சனிக்கிழமை நெரிசலில் ஆட்டோ நகர வேண்டும். அவள் வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பறவை ஒருமுறை எழும்பியது. என் நெஞ்சும் கூடவே எழும்பியது. அது ஆற்றின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று வாய்விட்டே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

வைதேகி வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. அரக்குப் பட்டுப் புடவை, கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருக்கிறாள், ஒரு தோளில் ஸ்டாண்டோடு சேர்த்து டெலஸ்கோப், கையில் செருப்பு. மணலில் புதையப் புதைய ஓடிவந்தாள். அமலா தராசை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தாள்.

வைதேகி ஸ்டாண்டை ஊன்றி, கண்ணை வைத்தாள். திருகைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

“அதேதான்” என்றாள் கடைசியில். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் தண்ணீர். “பிறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல இருக்கேன். இங்க இத நா பாப்பேன்னு நெனச்சுக்கூடப் பாக்கலடி.”

அமலாவையும் கூப்பிட்டுக் காட்டினோம். “அட, இன்னாமா நிக்குது பாரு, ஸ்கூல் யூனிபாரம் போட்டாப்புல” என்றாள்.

வைதேகி தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்தாள். இது இங்கே கூடு கட்டாது. வெயில் காலத்தில் அரபுக் கரைக்குப் போய்விடும். ஓமான் பக்கத்துத் தீவுகளில் மணலைக் குடைந்து வளை தோண்டி, அதற்குள் முட்டை இடும்.

“இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும். அப்புறம் உங்காத்துக்காரர் இருக்கற ஊர்ப் பக்கம் கெளம்பிடும்” என்றாள், சாதாரணமாக.

அதுவரை அடக்கிவைத்திருந்தது அப்போது வந்தது. வைதேகி பயந்துபோனாள். “என்னடி, என்னாச்சு?” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடம் என்று மட்டும் சொன்னேன். அவள் பட்டுப் புடவை நனைய என்னைச் சாய்த்துக்கொண்டாள். அந்தப் பறவையை யாரும் எதுவும் கேட்பதில்லை, நினைத்தால் இறக்கையை விரித்துப் போய்விடுகிறது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போனபோது அது இல்லை.

அங்கிருந்து வந்த சேதிகள்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே சேவியர் மறுபடி போன் செய்தபோது, வைதேகி சொன்னதை அவரிடம் சொன்னேன். “பாக்கறேன்” என்றார். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பார்த்தார். அதுவரை துறைமுகத்துக்கும் தங்கும் அறைக்கும் நடுவே மட்டும் போய்வந்துகொண்டிருந்த மனிதர், வெள்ளிக்கிழமை லீவு நாளில் கரையோரமாக நடக்க ஆரம்பித்தார்.

ஈஸ்டர் தாண்டி ஒருநாள் போன் வந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை.

“கீதுடி! இங்க கீது! ஒண்ணு இல்ல, கூட்டமா கீது! நீ சொன்ன அதே கொறடு மூக்கு!”

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் மூன்று கேள்விகளும் காணாமல் போயின. அவர் அங்கே என்ன பார்த்தார், நான் இங்கே என்ன பார்த்தேன் என்றுதான் பேச்சு தொடங்கும். அது எங்கெங்கோ போகும். அவர் அறையில் கூட இருந்த மலையாளியின் குறட்டை, என் வகுப்பில் ஊசல் விதியைத் தவறாக எழுதியும் அழகாக எழுதிய பெண், அவருடைய அம்மா வைத்த நண்டுக்குழம்பு. சோறு ஆறிப்போகும் வரை பேசுவோம்.

கோடையில் அவருடைய மேலாளரான ஓமான்காரர் படகில் அழைத்துப்போனாராம். தீவை நெருங்கவில்லை. தூரத்திலிருந்தே மணல்மேட்டில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது என்றார். “ஒரே முட்டதானாம் ரெஜி. மண்ணு சூட்டுலயே பாதி பொரிஞ்சிடுமாம்.”

மழைக்காலம் தொடங்கியபோது இன்னொரு சேதி சொன்னார். அந்தப் பறவைகள் குஞ்சுகளோடு சேற்றுக்கு வந்துவிட்டன. குஞ்சுகள் கிட்டத்தட்ட அம்மா உயரம். ஆனாலும் தானாகத் தின்னத் தெரியவில்லை.

“அப்பா அம்மா பின்னாலயே கத்திக்கினு ஓடுது. இவ்ளோ பெருசாயிடுச்சு, இன்னும் ஊட்டிக்கினு கீதுங்க. எங்க போனாலும் கூடவே கூட்டிக்கினு போவுதுங்க.”

பிறகு திடீரென்று கேட்டார்:

“ரெஜி, ஜெனி எப்ப சைக்கிள் ஓட்டக் கத்துக்கினா?”

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். பெசன்ட் அவென்யூ நிழலில் கற்றுக்கொண்டாள், முட்டி சிராய்த்தது, அழவில்லை என்று சொன்னேன். முதல் பல் விழுந்தது, முதல் நற்கருணை அன்று வெள்ளைக் கவுனில் சாம்பார் கொட்டிக்கொண்டது, எல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்த விஷயங்கள்தான். ஆனாலும் அன்றைக்குத்தான் அவருக்கு நடந்தன.

ஜீனி இல்லாத காபி

சொன்னபடி வந்தார். ஒரேயடியாக வந்தார். விமான நிலையத்தில் ஜெனி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கொஞ்ச நாளில் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து அவளும் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்.

இத்தனை வருடம் எதற்கு ஏங்கினேனோ அது சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

அவருக்கு எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஜீனி எங்கே என்று கேட்டார். சொன்னேன். மறுநாளும் கேட்டார். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்கவில்லை, ஜீனி போடாமலே குடித்தார். நான் அதைக் கவனிக்கவே பல நாளானது.

சேர்ந்து ஆற்றங்கரைக்கும் போனோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் தொண்டையைச் செருமுவார், உள்ளான்கள் எழும்பிவிடும். நான் உஸ் என்பேன். பிறகு பேச்சே இருக்காது. “அதோ” என்று கையைக் காட்டுவார். “பாத்தேன்” என்பேன். இரண்டு பேரும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் யாருக்கு எதைச் சொல்வது?

சாயங்காலமானால் என் காது போனைத் தேடும். அவர் மூன்றடி தள்ளி இருக்கிறார், எனக்கோ அவர் குரல் வேண்டும்போல் இருக்கும். மனிதர் வந்து சேர்ந்துவிட்டார், குரல் மட்டும் அந்தத் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. இதை வைதேகியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கொழுப்பு என்பாள்.

எங்கள் முகத்துவாரத்துக்கு நண்டுதின்னியும் திரும்ப வரவில்லை.

அக்கரை

போன தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வெளியே வந்ததும், “எனக்கு ஒரு வேல கீது, நீ போ” என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. என்னோடு வந்து உட்காரப் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். வைதேகியின் டெலஸ்கோப் என்னிடம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தனியாகவே போனேன்.

உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவர்தான்.

“ரெஜி. இன்னா கீது உன் பக்கம்?”

“என் பக்கமா? நீங்க எங்க இருக்கீங்க?”

“எதிர்ல பாரு.”

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெசன்ட் நகர். அங்கேதான் பாதியில் அறுந்து நிற்கும் பழைய பாலம். அதன் மேல் ஒரு புள்ளி கையை ஆட்டியது. டெலஸ்கோப்பைத் திருப்பினேன். நீலச் சட்டை. காற்றில் நிற்கும் நரைமுடி. ஒரு கையில் போன், கழுத்தில் என் பழைய பைனாகுலர்.

“இங்க உள்ளான்தான் இருக்கு. நெறைய செவந்துடுச்சு” என்றேன். “அங்க?”

“இந்தாண்ட ஆலா கீது. ஒரு ஏழெட்டு. ஒண்ணு மீனக் கொண்டாந்து இன்னொண்ணுக்குக் குடுத்துச்சு. அது வாங்கிக்கல.”

“ஏனாம்?”

“கோவம் போல.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, இத்தனை மாதமாக வீட்டில் வராத பேச்சு வந்தது.

“வூட்ல எனக்கு எங்க குந்தறதுன்னே தெர்ல ரெஜி. உன் சேர்ல குந்திட்டா நீ நின்னுக்கினே கீற. எதுவும் சொல்ல மாட்ற.”

“சொன்னா எழுந்து போயிடுவீங்கன்னுதான் சொல்லல.”

“அங்க இருந்தப்ப இந்த ஊர நெனச்சிக்கினே இருந்தேன். இங்க வந்தா அங்கத்து நெனப்பு. அந்தச் சேறு, அந்த வெள்ளிக்கெழம. உன்னாண்ட சொல்ல வெக்கமா கீது. இவ்ளோ நாள் காத்துக்கினு இருந்தவகிட்ட போயி இத எப்பிடிச் சொல்றது?”

தண்ணீர் கலங்கலாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நான் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டிருந்தார்.

“எனக்கும்தான்” என்றேன். “பக்கத்துல நீங்க இருக்கீங்க. போன் வரலையேன்னு இருக்கு எனக்கு.”

வெகுநேரம் பேசினோம். ஜீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவர் திரும்பக் கேட்டார், நான் பொறுமையாகச் சொன்னேன். போன் காதைச் சுட்டது. வெயில் ஏறியது. உள்ளான்கள் எழும்பிக் கடல் பக்கமாகப் போயின.

“இந்தப் பாலம் மட்டும் முழுசா இருந்திருந்தா, நடந்தே உன்னாண்ட வந்துடுவேன்” என்றார்.

“முழுசா இருந்திருந்தா நீங்க போன் பண்ணியிருக்க மாட்டீங்க.”

டெலஸ்கோப்பின் வட்டத்துக்குள் அவர் தலையைப் பின்னால் சாய்ப்பது தெரிந்தது. தோள்கள் குலுங்கின. அதற்குப் பிறகுதான், ஒரு நொடி தாமதித்து, அவர் சிரிப்பு என் காதுக்கு வந்து சேர்ந்தது.